பழைய ப்ராசஸருக்கு ஞாயிறு வரை கெடு

ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்துத்தான் சோபனாவின் கம்ப்யூட்டர் நிற்கும். எதிரி சுவரைத் தாண்டிக் குதிப்பான், இவள் துப்பாக்கியைத் தூக்குவாள், திரை அப்படியே உறைந்துவிடும். மறுபடி அசையும்போது இவள் செத்துக் கிடப்பாள். வெயில் ஏறியதிலிருந்து இதே கதைதான்.

அணிக்குத் தலைவி மெஹக். மேல்விஷாரத்துப் பெண், கல்லூரியில் கடைசி வருஷம். சோபனாவைவிடச் சின்னவள் என்பதால் மரியாதையாகத்தான் பேசுவாள். அந்த மரியாதையோடேயே ஹெட்போனில் சொல்லிவிட்டாள்.

"கோச்சிக்காதீங்கக்கா. இந்த ஞாயித்துக்கெழமையும் செல மாதிரி நின்னீங்கன்னா, உங்க எடத்துல அஃப்ரோஸப் போட்ருவேன்."

"உங்க சித்தப்பா பையனா? அவனுக்குச் சுடவே வராதே."

"வராது. ஆனா ஓடுவான்ல."

சோபனாவுக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி சத்துவாச்சாரிக்கு வந்த பிறகு தெருவில் அவளுக்குப் பேரே கிடையாது, பரணிதரன் சம்சாரம் என்பார்கள். வாரத்தில் ஒரு நாள் நாலு பேர் அவளை நம்பிப் பின்னால் வருவது அந்த ஆட்டத்தில் மட்டும்தான். அதையும் அஃப்ரோஸுக்குத் தூக்கிக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

ப்ராசஸரை மாற்றிவிடுவது என்று புருஷனும் பெண்டாட்டியுமாகக் கடைக்குப் போனார்கள். ப்ராசஸர் மட்டும் போதாது, மதர்போர்டும் பழசு, அதோடு ரேமையும் மாற்ற வேண்டும் என்றார் கடைக்காரர். வெளியே வந்ததும் பரணிதரன் முனகினான்.

"செருப்பு வார் அறுந்துச்சுன்னு போனா, காலயே மாத்தச் சொல்றான் இவன். தீபாவளி வரைக்கும் பொறு சோபனா. புது மாடல் வந்தா இது வெல எறங்கிடும்."

"அதுவரைக்கும் நான் செத்துக்கினே இருக்கணுமா?"

"வெளையாட்டுலதான?"

அன்று இரவு அவனுக்கு ரசத்தில் உப்பு இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் மெஹக் நேரிலேயே வந்தாள். ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா கொண்டுவந்திருந்தாள். வாங்குவதா, பொறுப்பதா என்று இன்றைக்குள் முடிவாக வேண்டும். நாளைக்கு மேட்ச்.

"ஆட்டத்தப் போடுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

போட்டாள். கொஞ்ச நேரத்தில் திக்க ஆரம்பித்தது. மெஹக் திரையின் ஓரத்தில் ப்ராசஸரின் சூட்டைக் காட்டும் எண்ணை வரவழைத்தாள். தொண்ணூற்றெட்டு. குனிந்து மேஜைக்கடியில் இருந்த கேபினெட்டைத் தொட்டவள் கையை உதறினாள்.

"இதும்மேல தோச ஊத்தலாம்க்கா. இன்னா இது, கம்ப்யூட்டருக்குச் சட்ட?"

அப்போதுதான் சோபனா குனிந்து அதைச் சரியாகப் பார்த்தாள். கன்றுத்தோல் உறை. முதல் கல்யாண நாளுக்கு பரணிதரன் ஒரு மாதம் உட்கார்ந்து தைத்தது. அந்த வீட்டில் ரிமோட்டுக்கு உறை உண்டு, சாவிக்கு உண்டு, காஸ் லைட்டருக்குக்கூட உண்டு. ஆகவே கேபினெட்டுக்கு உறை வந்தபோது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. பவர் பட்டனுக்கும் வயர்களுக்கும் அளவெடுத்து வெட்டியிருந்தான். காற்று போகும் சல்லடையை மட்டும் சுருக்கமில்லாமல் இழுத்து மூடியிருந்தான்.

நல்ல ஷூ போல அது கேபினெட்டைக் கவ்விக்கொண்டிருந்தது. மெஹக் பெட்டியைக் கட்டிப் பிடிக்க, சோபனா காலை ஊன்றி இழுத்தாள். உறை பாதி கழன்றிருந்த நேரத்தில் அரை ஷிப்ட் முடிந்து பரணிதரன் உள்ளே வந்தான்.

"அத ஏன் உரிக்கிறீங்க?"

"மூச்சு முட்டுதுண்ணா அதுக்கு," என்றாள் மெஹக்.

சோபனா உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லத் தோன்றியது, நாளைய மேட்ச் ஞாபகம் வந்தது.

"சல்லடைய ஏங்க மூடுனீங்க?"

"பின்ன, தோல்ல அத்தன ஓட்ட போடச் சொல்றியா? எவன் பாஸ் பண்ணுவான்?"

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஷூ கம்பெனியில் அவன் வேலையே அதுதான். வருகிற தோலை வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த ஓட்டை, முள் கிழித்த வடு எங்கே கண்டாலும் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கழிப்பான். ஓட்டையோடு ஒரு பொருளை வெளியே விட அவனுக்குக் கை வராது.

மெஹக் மறுபடி ஆட்டத்தைப் போடச் சொன்னாள். பரணிதரன் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றான், இன்று ஆட்டத்தை விட்டுவிட்டு அந்தச் சூட்டு எண்ணையே பார்த்தான். எழுபதைத் தாண்டி ஒன்றிரண்டு ஏறி அங்கேயே நின்றுவிட்டது. ஆட்டம் ஓடியது, திக்கவில்லை. சோபனா மூன்று பேரைச் சுட்டாள்.

அவன் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, உறையில் சல்லடை இருந்த இடத்தில் பெரிதாக ஒரு வட்டம் போட்டான்.

"ரிஜெக்ட்டு," என்றான். பிறகு தையலை விரலால் நீவிப் பார்த்து, "தையல்ல ஒரு கொறயும் இல்ல, அது வேற விஷயம்" என்று சேர்த்துக்கொண்டான்.

"பேடா சாப்டுங்கண்ணா," என்றாள் மெஹக்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தோற்றுப்போனார்கள். மெஹக் தலைவிக்கே உரிய தைரியத்தோடு வெட்டவெளியில் ஓடி முதல் ஆளாகச் செத்தாள். சோபனாதான் கடைசி வரை நின்றாள், ஓடியும் காட்டினாள்.

"அடுத்த வாரம் அஃப்ரோஸ் வர்றானா?" என்று ஹெட்போனில் கேட்டாள்.



"வரட்டும்க்கா. எனக்குப் பதிலா."

சோபனா சிரித்துக்கொண்டே ஹெட்போனைக் கழற்றினாள். பரணிதரன் கட்டிலில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்போ புது ப்ராசஸர் வேணாமா?"

"பொறுக்கச் சொன்னதே நீங்கதான?"

"சொன்னேன். ஆனா நீ எப்டியும் கேக்க மாட்டேன்னு நெனச்சேன். பழச வெச்சு நீ எனக்கு ஒரு கம்ப்யூட்டர் பண்ணித் தருவேன்னு இருந்தேன். பஸ் ஓட்டற கேம் ஒண்ணு இருக்குதாமே."

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். இத்தனை நாள் பின்னால் நின்று ஆட்டம் பார்த்ததெல்லாம் இதற்குத்தானா.

"தீபாவளிக்கு வாங்கலாம். அதுவரைக்கும் இதுலயே ஓட்டுங்க. வந்து உக்காருங்க."

நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். அவன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு, ஹாரன் எது, பிரேக் எது என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, முதல் நிறுத்தத்திலேயே பஸ்ஸை டீக்கடைக்குள் விட்டான்.