மூச்சு நீளத்துக்கு ஒரு பெடல்

இப்போதெல்லாம் யாரும் சாமான் வாங்கக் கடைக்கு வருவதில்லை, படம் பிடிக்க வருகிறார்கள் என்று பெரியவருக்கு எரிச்சலாக இருந்தது. அவருக்கு முன்னால் நின்ற இரண்டு இளவட்டங்கள் அந்த இசைக்கருவிக் கடையின் கண்ணாடி அலமாரியில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கைபேசியில் பிடித்தார்கள். முகம் தெரியாத யாரோ அவற்றைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தார்கள், தலையாட்டினார்கள், ஒன்றைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள். ஒரு பொருளைக் கையில் எடுக்காமல், தட்டாமல், திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்க்காமல் எப்படி நம்புவது? விற்கிறவர்களும் அவர்களுக்கு ஏற்ற மாதிரிதான். கேட்டதை விட்டுவிட்டு, தள்ளிவிட வேண்டியதை எடுத்து நீட்டுகிறார்கள்.

"ஏம்மா, நான் எக்கோ கேட்டேன். நீ என்னத்தையோ எடுத்து வைக்கிற."

கடைக்காரப் பெண் சிரிக்காமல் சொன்னாள். "இதுக்குள்ளயே எக்கோவும் இருக்குய்யா. மொத்தம் நூறு எஃபெக்ட் இருக்கு. விலைக்கு இதுதான் லாபம்."

"நூறு எனக்கு எதுக்கு? ஒண்ணு போதும். விலை கம்மியா, ஒண்ணு."

"புதுசா கத்துக்கிறவங்களுக்கா?"

"இல்ல. எல்லாம் வாசிச்சு முடிச்சவளுக்கு."

அவள் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அந்தப் பெரிய பெட்டியை ஓரம் தள்ளினாள். கிதாரோடு மாட்டிக் காலால் மிதிக்கிற மூன்று சின்ன பெடல்களை, உள்ளங்கை அகலத்தில், எடுத்து வரிசையாக வைத்தாள். பெரியவர் மூன்றையும் தூக்கிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்த கை. கனமாக இருந்தால்தான் அதற்குப் பிடிக்கும். முதல் இரண்டும் இரும்பு. மூன்றாவது பிளாஸ்டிக், சோப்பு டப்பா மாதிரி.

அவருக்கு இந்த எக்கோ சமாச்சாரத்தின் மேலேயே நம்பிக்கை கிடையாது. பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் லிஃப்ட் ஒரு தடவை வர வேண்டும். ஒரு தடவை அழுத்தி நாலு தடவை வந்தால் அதற்குப் பெயர் பழுது. அப்படிப்பட்ட பழுதைப் பெட்டிக்குள் அடைத்து விற்கிறார்கள், அதை வாங்க அவரே வந்து நிற்கிறார்.

தங்கைதான் காரணம். காலையில் வந்த நர்ஸ், நடையில் வைத்து அவர் மகளிடம் குரலைத் தாழ்த்தி "இன்னைக்கோ நாளைக்கோ" என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. அவர் உள்ளே போனபோது தங்கை கண்ணைத் திறந்துதான் இருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும் போல.

"அண்ணே, எனக்கு ஒரு எக்கோ பெடல் வாங்கியாயேன்," என்றாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஒவ்வொரு நாலு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"இப்ப எதுக்கு அது?"

"ஒரு தடவை கம்பிய இழுத்தா... அடுத்த தடவை இழுக்க மூச்சு வர மாட்டேங்குது. நடுவுல வெறும் ஓட்டையா இருக்கு. அந்த ஓட்டைய அது அடைக்கும். விலை கம்மியாவே பாரு. நான் என்ன ஊர் ஊராவா வாசிக்கப் போறேன்."

"பேசாம படு."

"படுத்துக்கிட்டுதானே கேக்குறேன்," என்றாள் தங்கை.

கடைக்காரப் பெண் சுவரில் மாட்டியிருந்த கிதாரை எடுத்து முதல் பெடலில் சொருகினாள். ஒரு கம்பியை இழுத்தாள். சத்தம் வந்தது. பிறகு அதே சத்தம் கொஞ்சம் சின்னதாக, இன்னும் சின்னதாக வந்து அடங்கியது.

"இரும்மா. திரும்பத் தட்டு," என்றார் பெரியவர்.

அவள் தட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை மெதுவாக இழுத்தார், பாதி வழியில் நிறுத்தினார், மறுபடி இழுத்தார், நெஞ்சு நிறையாமலேயே விட்டார், விட்டபின் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். வாரக்கணக்காகக் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்ட மூச்சு அது. அவருக்கு மனப்பாடம். பெடலின் சத்தம் அந்த மூச்சின் பாதியிலேயே செத்துவிட்டது.

"பத்தாது. அடுத்தது."

"ஐயா, உங்களுக்கு மூச்சு திணறுதா? உக்காருங்க, தண்ணி தரேன்."

"எனக்கில்ல. நீ தட்டு."

இரண்டாவதில் நீளம் இருந்தது. ஆனால் பின்னால் எண்ணெய் கொதிக்கிற மாதிரி ஒரு இரைச்சல். ஏற்கெனவே அந்த அறையில் ஆக்சிஜன் மிஷின் இரைந்துகொண்டிருக்கிறது, இது வேறா? வேண்டாம் என்று கையை ஆட்டினார். கடைக்காரப் பெண் மூன்றாவதைச் சொருகிவிட்டு, அவர் மூச்சை இழுக்க ஆரம்பிக்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் கம்பியைத் தொட்டாள். சத்தம் போய்ப் போய் வந்தது. அவர் விட்டு, சும்மா இருந்து, மறுபடி இழுக்கும்போது கடைசித் துணுக்கு அப்போதுதான் அடங்கியது.

"இது," என்றார். உடனே முகத்தைச் சுளித்தார். "ஆனா பிளாஸ்டிக்கா இருக்கே. மிதிச்சா உடையாது?"

"மிதிக்கிறவங்க கனமா இருப்பாங்களா?"

"மிதிக்கிறது நான்தான். அவளால கால அசைக்க முடியாது."

"அப்ப விரலால அழுத்துங்க, போதும்." அவள் பேட்டரி போட்டு மூடினாள். "கரண்ட்டே வேணாம். இந்தத் திருகு, சத்தம் எத்தனை தடவை திரும்பி வரணும்கிறதுக்கு. நீட்டணும்னா கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க. முழுசா திருப்பிடாதீங்க, அப்புறம் நிக்கவே நிக்காது, ஊளையிட ஆரம்பிச்சிடும்."

"பேட்டரி புதுசா?"

"புதுசுய்யா."

"உன் வாய் சொல்லுது," என்று சொல்லிவிட்டு, பேட்டரியைக் கழற்றி ஒரு முறை பார்த்துப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார்.

வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே பிளக்கை ஆக்சிஜன் மிஷின் பிடித்துக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயருக்கு மகள் அடுப்படியிலிருந்து ஒயர் இழுத்துக் கதவிடுக்கில் விட்டாள். தங்கையின் பின்னால் தலையணைகளை அடுக்கி, கிதாரை மடியில் மல்லாக்கக் கிடத்தினார்கள். பகலில் துணிக்கடையில் பில் போட்டு, விடுமுறை நாட்களில் விழா மேடைகளில் வாசித்தவள். அந்த ஆம்ப்ளிஃபயரை மேடைக்குத் தூக்கிப்போவது அண்ணன் வேலை. ஏற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார். சத்தம் ஆகாது அவருக்கு.

அவர் தரையில் உட்கார்ந்து ஒயர்களைச் சொருகினார். தங்கை கம்பியை இழுத்தாள். ஒன்றுமில்லை. அவர் பொத்தானை அழுத்தினார். ஒன்றுமில்லை.

"நெனச்சேன். பிளாஸ்டிக்க தலையில கட்டிட்டா."

"அண்ணே." தங்கைக்குச் சிரிப்பு வந்து மூச்சு மாட்டிக்கொண்டது. அது சரியாகும்வரை அவர் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மாத்திச் சொருகிட்ட. வலப்பக்கம் உள்ள போகணும். இடப்பக்கம் வெளிய வரும்."

"எந்த மடையன் இப்படி வச்சான்? எல்லா மிஷின்லயும் இடப்பக்கம்தான் உள்ள போகும்."

"இது உன் லிஃப்ட் இல்ல."

மாற்றிச் சொருகினார். அவள் இழுத்தாள். அறை முழுக்க ஒரே ஒரு சத்தம் எழுந்து, தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டே சுவரோரமாகப் போனது. அது அடங்குகிற நேரத்துக்கு அவளுக்கு அடுத்த மூச்சு வந்துவிட்டது. விரல் அடுத்த கம்பிக்குப் போனது. தங்கை அண்ணனைப் பார்த்தாள். புருவத்தை உயர்த்தினாள். அவர் திரும்பி ஒயரைப் பார்ப்பதுபோல் இருந்துகொண்டார்.

நாலைந்து சத்தம் கேட்டதுமே அவருக்கு அது என்ன மெட்டு என்று தெரிந்துவிட்டது. பெயர் தெரியாது. எல்லா விழாவிலும் கடைசியில், ஆட்கள் எழுந்து நாற்காலியை இழுக்கும் நேரத்தில் வாசிப்பது. அது கேட்டால் வெளியே நின்றிருக்கும் அவர் சிகரெட்டை மிதித்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரைத் தூக்க உள்ளே போவார்.

மகள் வாசற்படியில் வந்து நின்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

மெட்டின் நடுவில் ஓர் இடத்தில் சத்தம் அடங்கியும் அடுத்தது வரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். தங்கை மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. காலையில் இருந்த மூச்சு இல்லை இது. அவர் கடையில் அளந்து வாங்கிய நீளம் இப்போதே போதவில்லை.

அவர் முட்டி போட்டுக் குனிந்து திருகைக் கொஞ்சம் திருப்பினார்.

அடுத்த சத்தம் நீண்டு போனது, அவள் மூச்சைத் தொட்டது. அதற்கடுத்ததும் தொட்டது. மூன்றாவது தொடவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் திருப்பினார். இப்படியே இருவரும் வேலை பார்த்தார்கள். அவள் கம்பியைப் பார்க்கவில்லை, அவர் திருகைப் பார்க்கவில்லை. அவர் கண் அவள் நெஞ்சின் மேல் இருந்த போர்வை மடிப்பிலேயே இருந்தது. அது எழும்பும்வரை சத்தத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை.

"நல்லா இருக்காண்ணே?" என்று ஒருமுறை கேட்டாள்.

"நீ வாசி."

"சொல்லேன். ஒரு தடவ கூட சொன்னதில்ல."

"நல்லாத்தான் இருக்கு, பாப்பா. வாசி."

மெட்டு முடிய ஒரே ஒரு சத்தம் பாக்கி இருந்தது. அதற்கு முந்தியதை அவள் இழுத்தாள். அவர் விரல் திருகின் மேல் இருந்தது. சத்தம் போய் வந்தது, போய் வந்தது. போர்வை மடிப்பு எழும்பவில்லை. அவர் கொஞ்சம் திருப்பினார். இன்னும் கொஞ்சம். சத்தம் தேய்வதை நிறுத்திவிட்டு ஒரே அளவில் சுற்ற ஆரம்பித்தது, பிறகு மெல்லப் பெருத்தது. இதற்கு மேல் போனால் ஊளையிடும். அடுத்து எந்தச் சத்தம் வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவள் விரல் அந்தக் கம்பியின் மேல்தான் கிடந்தது.

அவர் அப்படியே முட்டி போட்டு வெகுநேரம் காத்திருந்தார். பிறகு திருகை மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் கொண்டுவந்தார். சத்தம் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது. ஆக்சிஜன் மிஷின் மட்டும் இரைந்தது. அதையும் கை நீட்டி அணைத்தார்.

சாயங்காலத்துக்கு முன்பே அவளோடு மேடையில் டிரம்ஸ் வாசித்தவன் வந்துவிட்டான். தங்கை அவனுக்கு வைத்த பெயர் டமாரம். வாட்டசாட்டமான ஆள். கட்டிலைப் பார்த்து நின்று அழுதான், மூக்கைச் சிந்தினான், பிறகு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த கிதாரையும் கீழே இருந்த சின்ன பெடலையும் பார்த்தான்.

"இதுலயாண்ணே வாசிச்சா? கடைசியா?"

"ம்."

மகள் சொன்னாள். "எனக்கு அடுப்படியில கேட்டுக்கிட்டே இருந்துச்சு மாமா. நிறுத்தவே இல்ல அத்தை."

டமாரம் குனிந்தான். பெரிய விரலால் பொத்தானை அழுத்தி, ஒரு கம்பியைத் தொட்டான். சத்தம் எழுந்து, அடங்கி, மறுபடி வந்தது. அவன் முகம் கோணியது.

"அப்படியே அவ வாசிக்கிற மாதிரியே இருக்குண்ணே. இங்கதான் இருக்கா அவ. எங்கயும் போகல."

பெரியவர் அவனையும் பெடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது நீ தட்டினது," என்றார்.

"இல்லண்ணே, கேளுங்க. இன்னும் வருது பாருங்க."

"அவ தட்டினா வேற." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஐஸ் பெட்டி வண்டி வருதான்னு பாத்துட்டு வரேன்."

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார். உள்ளே டமாரம் மறுபடி ஒரு முறை கம்பியை இழுப்பது கேட்டது. அவர் திரும்பவில்லை. படி இறங்கித் தெருவில் நடந்தார்.

மகள் வாசல் வரை வந்து கூப்பிட்டாள். "அப்பா, ஒரு கால்ல டமாரம் மாமாவோட செருப்பு. மாத்திப் போட்டுட்டுப் போறீங்க."

"என்னோடதுதான்," என்றார் அவர், குனிந்துகூடப் பார்க்காமல்.

ஒரு கால் செருப்பு சரியாக இருந்தது. இன்னொன்று பெரிதாக இருந்து, ஒவ்வொரு எட்டுக்கும் தரையில் பட் பட்டென்று அடித்தது. அவர் அதை இழுத்துக்கொண்டே தெருமுனையைப் பார்த்துப் போனார்.