கம்பத்தில் ஒரு தொலைபேசி எண்

மின்கம்பத்தில் பலகை மாட்டக் கூடாது என்று சொல்லும் குழுவே ஒரு பலகை மாட்டியிருந்தது. 'சட்டவிரோத விளம்பரம் கண்டால் அழையுங்கள். தலைவர், வீதி அழகுக் காப்புக் குழு.' கீழே லிண்ட்சே கெர்ஸ்லேக்கின் கைபேசி எண். இதுவும் சட்டவிரோதம்தான் என்று கவுன்சில் இரண்டு கடிதம் எழுதியது. நல்ல நோக்கத்தோடு தொங்குவது விளம்பரமாகாது என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்து, லாமிங்டன் கேக் சாப்பிட்டுக் கலைந்தது.

அடிலெய்டின் அந்தப் புறநகரில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் லிண்ட்சேக்குக் குழுத் தலைவர் என்பதால் ஒரு மரியாதை இருந்தது. பளபளக்கும் ஆரஞ்சு மேல்சட்டையும் நீளக் கொக்கியுமாக அவர் கிளம்பினால் தெருவே துப்புரவாகிவிடும். ஆனால் அவருடைய உண்மையான திறமை தொலைபேசியில்தான். பலகை மாட்டியவனின் முகவரி தெரியாமல் கவுன்சில் அபராதம் போட முடியாது. லிண்ட்சே 'டில்புரூக்' என்ற பொய்ப் பெயரில், வாடிக்கையாளர்போல் பலகையில் உள்ள எண்ணை அழைத்துப் பேச்சோடு பேச்சாக முகவரியைக் கறந்துவிடுவார்.

மார்ச்சில், கூரையோர மழைநீர்த் தகரத்தில் அடைத்த இலைகளை அள்ளித் தருவதாகச் சொன்ன ஒரு பலகையின் எண்ணை அழைத்தார். எடுத்தவன் பிராடி, அவருடைய மகன். வங்கியில் அப்பா வாங்கிக்கொடுத்த வேலையை உதறிவிட்டு ஏணி தூக்கப் போகிறேன் என்றவனை, அப்படியே போய்விடு என்று அவர் சொல்லி ஆறு வருஷம் ஆகியிருந்தது. எண்ணை மாற்றிக்கொண்டு போனவன்.

லிண்ட்சே ஒரு தடவை செருமிக்கொண்டார். டில்புரூக்காகவே இலையைப் பற்றி விசாரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அதன் பிறகு வாரம் ஒரு தடவை டில்புரூக்குக்கு இலைச் சந்தேகம் வந்தது. பிராடியும் சலிக்காமல் பதில் சொன்னான். ஒருநாள் மட்டும், "சார், உங்க வீட்டுக்குக் கூரைன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு லிண்ட்சே நாலு நாள் ஓட்டினார். மற்ற பலகைகளெல்லாம் கொக்கியில் விழ, அந்த ஒன்று மட்டும் ஆகஸ்ட் வரை தொங்கியது.

குழுவின் செயலாளர் நோயலின் ஹரல் என்ற பெண்ணின் கண்ணில் அது பட்டது. கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், ஒலிபெருக்கியில் போட்டு இப்போதே அழைக்கச் சொன்னாள். லிண்ட்சே பயப்படவில்லை. முன்பு ஒரு தடவை பழக்கதோஷத்தில் முகவரி கேட்டபோது, நாங்களே வந்து பார்ப்போம் சார் என்று பிராடி நழுவியிருந்தான். இன்றும் நழுவுவான், விஷயம் அத்தோடு முடியும் என்று நினைத்து முகவரி கேட்டார்.

இந்த முறை பிராடி நழுவவில்லை.

"அப்பா, நீங்கதான்னு முதல் நாளே தெரியும். அந்தச் செருமலை எங்க ஒளிச்சு வைப்பீங்க? முன்ன கேட்டப்போ எனக்குக் கோபம் தீரல. மறுபடி நீங்களா கேக்கட்டும்னுதான் இருந்தேன். எழுதிக்கங்க. ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க."

தெருப்பெயரும் வீட்டு எண்ணும் சொன்னான். எழுதிக்கொண்டது நோயலின்.

அதைக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டாம் என்று லிண்ட்சே இரண்டு முறை கேட்டார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே, லிண்ட்சே? நீங்க எழுதின விதிதான்," என்றாள். தலைவருக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேறியது. கேக்கும் வந்தது.

நடைபாதைக் குழியை மூடப் பதினொரு மாதம் எடுக்கும் கவுன்சில், அபராதக் கடிதத்தை மூன்றே நாளில் கொண்டுசேர்த்தது. தகவல் தந்தவர் என்ற இடத்தில் லிண்ட்சேயின் பெயர் அழகாக அச்சாகியிருந்தது.

ஞாயிறன்று பிராடி கதவைப் பாதிதான் திறந்தான். உள்ளே விருந்துக்கு ஆட்டிறைச்சி வேகும் வாசனை எதுவும் இல்லை.

"இதுக்குத்தான் அட்ரஸ் கேட்டீங்களாப்பா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. திங்களன்று அழைத்தபோது, இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல்.

லிண்ட்சே குழுவிலிருந்து விலகினார். ஒருவழியாகக் குழுவின் பலகையையும் கழற்றச் சொல்லிக் கவுன்சிலின் மூன்றாவது கடிதம் வந்தது. மறுநாள் காலை அவரே ஏணியோடு கம்பத்துக்குப் போனார். கழற்றத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள் எதிர்வீட்டுக்காரி. அவர் புதுக் கம்பி போட்டுப் பலகையை இறுக்கிக் கட்டி, வெயிலில் வெளுத்திருந்த தன் எண்ணின்மேல் கறுப்பு மையால் ஒவ்வொன்றாகத் தடித்து எழுதினார். ஏணி ஏற்றிய வண்டியில் போகிறவனுக்கும் தெரிகிற அளவுக்கு.