கோரலில் போட்ட முகம்

உலகத்துப் படங்களெல்லாம் இரண்டே வகை; அந்த ரகசியம் தெரிந்தவன் கைவேலைக்கு அழிவு கிடையாது. இப்படித் திருவாய் மலர்ந்தவன் ஜெயவேல். மலர்ந்த இடம் 'ஜெயவேல் கிராஃபிக்ஸ்': திருவொற்றியூரில் ஜெராக்ஸ் கடைக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கும் நடுவே, மூன்றாவது ஆள் வந்தால் ஒருவர் வெளியே நிற்க வேண்டிய சந்து. ஆண்டு 2003.

அன்று வெளியே நின்றவன் ரவிக்குமார். உள்ளே அவன் அக்கா நீலா, இடுப்பில் பெண் குழந்தை. கடலுக்குப் போன புருஷன் சுப்புராயன் திரும்பாமல் ஒரு வருஷமாகி, திவசம் வருகிறது. அவன் போனபோது குழந்தை வயிற்றில். மிச்சமிருப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம்.

"இவ அப்பன் மூஞ்ச பார்த்ததே இல்ல தம்பி. குப்பத்து வாசல்ல பேனர்ல ஆளுயரத்துக்கு மேல நிக்கணும். இத்தினிக்கூண்டு போட்டோவ இஸ்து பெருசாக்குனா பேஜாராயிடாதே?" என்றாள் நீலா.

ஜெயவேல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினான். "போட்டோன்றது புள்ளி புள்ளியா கீது அக்கா. இஸ்தா ஒவ்வொரு புள்ளியும் செங்கல்லாயிடும். அது ராஸ்டர். வெக்டர்னா கோடு, கணக்கு. எண்ணூர் வரைக்கும் இஸ்தாலும் ஒடையாது. நம்ம கோரல் டிரா பூரா வெக்டரு. அதுல போட்டா முடிஞ்சுது."

"உள்ள போட்டா புள்ளி கோடாயிடுமா மாமு?" என்று வெளியிலிருந்து ரவிக்குமாரின் குரல் வந்தது.

"நீ வலைய பாரு நைனா. இது கம்ப்யூட்டரு."

படத்தை, ஃபிளாப்பியில் அடங்க வேண்டுமே என்று சின்னதாக ஸ்கேன் செய்தான். கோரலுக்குள் போட்டு மூலையைப் பிடித்து இழுத்தான். திரையில் உள்ளங்கை அகலத்துக்கு சுப்புராயன் லட்சணமாகச் சிரித்தான். அடியில் தன் பெயரையும் அடித்து, ஃபிளக்ஸ் அச்சுக்கு அனுப்பினான்.

திவசத்தன்று காலை, ஜெயவேலும் வந்து நிற்க, பேனரைத் தூக்கிக் கட்டினார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பும் கருப்புமாகச் சதுரங்கள்.

"இன்னா மாமு, பாத்ரூம் டைல்ஸ் விளம்பரமா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

சிரிப்பு எழுந்தது, நீலாவைப் பார்த்ததும் அடங்கியது. அடங்கியதைத்தான் ஜெயவேலால் தாங்க முடியவில்லை. போட்டோ கோரலுக்குள் போனாலும் போட்டோதான் என்பது இப்போது அவனுக்குப் புரிந்தது. ரவிக்குமார் அன்றைக்கே கேட்டதும் ஞாபகம் வந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"கிட்ட நின்னா அப்படித்தான் அக்கா. தள்ளிப் போனா தெரியும்."

நீலா நம்பினாள். குழந்தையோடு பின்னோக்கியே நடந்தாள்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

ஜெயவேலும் கூடவே போனான். சாலையைத் தாண்டி, வலை காய்கிற இடத்தையும் தாண்டி, அலைத் தடுப்புக்குக் கொட்டிய கருங்கல் மேல் ஏறி நின்றாள். அதற்கு மேல் தள்ளிப்போகக் கடல்தான் இருந்தது.

மீசை மாதிரி ஏதோ தெரிந்தது. "அதாண்டி அப்பா," என்று காட்டினாள். குழந்தை அவள் விரலைப் பார்த்தது.

அங்கிருந்து பார்த்தபோதும், பேனரின் அடியில் 'டிசைன்: ஜெயவேல்' பிசிறில்லாமல் தெரிந்தது. எழுத்து வெக்டர்.