உப்புக் கேட்காதவன்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் ஜெகதாப்பட்டினத்தில் முதலில் ஓய்வது என் ஐஸ் பிளான்ட்தான். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும்போது ஐஸ் யாருக்கு வேண்டும்? வருஷத்தில் அந்த இரண்டு மாதம் மட்டும் நான் வெட்டியாக இருப்பேன். போன மே மாதம் அப்படி வெட்டியாக இருந்தபோதுதான் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு வர தாய்லாந்துக்குக் கிளம்பினேன்.

சுற்றிப் பார்க்கப் போகிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். நான் போனது கூட்டி வரத்தான். பிரகதீஸ்வரி இறாலுக்கு வரும் நோய்களைப் பற்றிப் படித்தவள். தாய்லாந்தின் தென்பகுதியில் சோங்க்லா என்ற கடலோர ஊரில், ஒரு ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருஷ வேலைக்குப் போயிருந்தாள். அது ஜூனில் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று அங்கே கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனில் நான் பேச்சை எடுத்தபோதெல்லாம், “நீங்க வாங்க, நேர்ல பேசிக்குவோம்” என்றாள். பேச என்ன இருக்கிறது? கல்யாணமாகி ஆறு வருஷம், அதில் இரண்டு வருஷம் போனிலேயே கழிந்துவிட்டது. போதும் என்று நானும் அம்மாவும் முடிவு செய்திருந்தோம். விமானத்தில் உட்கார்ந்து அந்தப் பேச்சை மனதுக்குள் மூன்று தடவை பேசிப் பார்த்தேன். மூன்று தடவையும் நான்தான் ஜெயித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சைத் தள்ளிப் போட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, அதுவும் நன்றாக இருந்தது. “வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டிருக்கேன். அன்னைக்குப் பேசலாம்” என்றாள் அவளாகவே. சரி என்றேன். உள்ளுக்குள் எனக்கும் கொஞ்சம் பயம்தான்.

காலை எட்டு மணிக்கு அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போனால் மாலைதான் வருவாள். நான் தனியாக ஊரைச் சுற்றினேன். எதைப் பார்த்தாலும் நின்று விசாரிக்கிற புத்தி எனக்கு. பாஷை தெரியாத ஊரில் கையாலேயே விசாரித்தேன். மீன் மார்க்கெட்டில் மூங்கில் தட்டுகளில் அவித்த மீனை அடுக்கி வைத்திருந்தார்கள். நம்ம கானாங்கெளுத்தி ஜாதிதான், ஆனால் எல்லா மீனுக்கும் கழுத்து ஒடிந்து தலை தொங்கியது. ஏன் என்று கழுத்தைக் காட்டிக் கேட்டேன். விற்ற அம்மாள் ஒரு மீனை எடுத்துத் தட்டில் நேராக வைத்துக் காட்டினார், தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தட்டுக்குள் அடங்க வேண்டுமென்று கழுத்தை ஒடித்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டதில் எனக்கு அரை நாள் சந்தோஷம்.

அங்கே எதைக் குடித்தாலும் ஐஸ்தான். தண்ணீர், டீ, காப்பி, கரும்புச்சாறு எல்லாவற்றிலும் டம்ளர் நிறைய ஐஸ். நான் பன்னிரண்டு வருஷமாக ஐஸ் போட்ட எதையும் குடித்ததில்லை, ஏனென்றால் எனக்கு ஐஸைத் தெரியும். எங்கள் ஐஸ் மீனுக்கு உள்ளது. அங்கே குடிக்கிற ஐஸ் தனி, நடுவில் ஓட்டை வைத்துக் குழல் குழலாக இருக்கிறது. தெருவில் நின்ற ஐஸ் வண்டியில் ஒரு குழலை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் குடிக்கவில்லை.

மதியச் சாப்பாடு அவள் குடியிருந்த கட்டடத்துக்குக் கீழே மாலியக்கா கடையில். மாலியக்கா அந்த ஊர்க்காரர், அறுபது வயதிருக்கும். தகரக் கூரை, ஆறு மேசை. மீன் உருண்டை போட்ட நூடுல்ஸ் சூப் அவர் கடையில் பேர் போனது என்று பிரகதி சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை அதைக் கொண்டுவந்து வைத்தார். மீன் உருண்டை நல்ல மீன், அதில் என்னை ஏமாற்ற முடியாது. ஆனால் சூப்பில் உப்பு இல்லை, உறைப்பு இல்லை, புளிப்பு இல்லை. வெந்நீரில் மீனைக் குளிப்பாட்டி எடுத்தது போல் இருந்தது. இதற்கா இவ்வளவு கூட்டம் என்று நினைத்துக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டேன்.

மேசையில் நாலு மூடி போட்ட கிண்ணங்கள் ஒரு கம்பித் தட்டில் இருந்தன. சீனி, மிளகாய்த்தூள், பச்சை மிளகாய் மிதக்கும் வினிகர்க் காடி, மீனை உப்பில் ஊற வைத்து வடித்த சாறு. சுற்றி இருந்தவர்கள் சூப்பை வாயில் வைப்பதற்கு முன்பே அதிலிருந்து எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆக்கிய பெண்பிள்ளை எதிரே நிற்கிறார், அவர் கண் முன்னாலேயே இப்படியா?

எங்கள் வீட்டில் அது நடக்காது. அப்பா இருந்தபோது ஒரு தீபாவளிக்கு அம்மா கறிக்குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தோம். கடைசியில் அம்மா சாப்பிட உட்கார்ந்து முதல் வாய் வைத்ததும் அழுதுவிட்டாள். இலையில் உட்கார்ந்துகொண்டு உப்புக் கேட்பது ஆக்கியவளைக் குறை சொல்வது. அப்படித்தான் என்னை வளர்த்தார்கள், அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமையோடு செவ்வாய்க்கிழமையும் அதே சூப்பைச் சாப்பிட்டேன். புதன்கிழமையும். கிண்ணங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மாலியக்கா ஒவ்வொரு நாளும் என்னைக் கவலையோடு பார்த்தார். நான் கட்டை விரலை உயர்த்திச் சிரித்தேன்.

வியாழக்கிழமை பிரகதி என்னோடு வந்தாள். சூப் வந்ததும் அவள் கை தானாக ஓடியது. ஒரு கரண்டி சீனி, ஒரு கரண்டி மிளகாய்த்தூள், காடி இரண்டு, மீன்சாறு ஒன்று.

“என்ன பிரகதி இது. அந்தம்மா பாக்குறாங்க” என்றேன் மெதுவாக.

“பாத்தா என்ன?”

“ஆக்குனவங்க மொகத்துக்கு முன்னாடி உப்பு ஒறப்புப் போட்டுக்கிட்டா அவங்க மனசு என்ன ஆகும்?”

அவள் என்னைப் பார்த்தாள், என் சூப்பைப் பார்த்தாள். “மூணு நாளா எதுவுமே போடாமயா சாப்பிட்டீங்க?” என்று கேட்டவள் அடக்க முடியாமல் சிரித்தாள். மாலியக்காவிடம் ஏதோ சொன்னாள். அவரும் சிரித்துவிட்டு நீளமாகப் பதில் சொன்னார்.

“ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லைன்னு நெனச்சாங்களாம். காய்ச்சக்காரங்கதான் இதை இப்படியே குடிப்பாங்களாம். கடையில பாதிதான் ஆக்குவாங்க. மீதிய நாமதான் ஆக்கிக்கணும்.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட ஆச்சரியம் பெரிதாக இருந்தது. “அப்ப அவங்களுக்குக் கோவமே வராதா? கேளு” என்றேன்.

கேட்டாள். மாலியக்கா ஒரு வரியில் பதில் சொன்னார். பிரகதி அதைத் தமிழில் சொன்னாள்: “என் நாக்கு சாப்பிடுறவங்க வாய்க்குள்ளயா இருக்கு?”

நானும் கிண்ணங்களைத் திறந்தேன். முதலில் மீன்சாறை அதிகம் ஊற்றிவிட்டேன், கருவாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தது போல் ஆகிவிட்டது. சூப்பில் சீனி போட மனம் வரவில்லை. பிரகதி சொன்னாளே என்று அரைக் கரண்டி போட்டேன். காடி விட்டேன், திரும்பவும் மிளகாய் போட்டேன். ஐந்தாவது வாயில் சரியாக வந்தது. இனிப்பும் புளிப்பும் உறைப்பும் உப்பும் ஒன்றை ஒன்று தள்ளாமல் நின்றன. மூன்று நாள் வெந்நீர் குடித்ததை நினைத்து என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பிறகு பிரகதி பச்சைப் பப்பாளிக் காயில் செய்கிற சோம் தம் கேட்டாள். மாலியக்கா உயரமான உரலை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். மிளகாய் எத்தனை? நாலு. சீனி? கொஞ்சமாக. காராமணி வேண்டாம், கடலை கூடப் போடுங்கள். இடித்து முடித்ததும் கரண்டியில் கொஞ்சம் எடுத்து நீட்டினார். பிரகதி வாயில் வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். புளிப்புப் போதாதாம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மறுபடி நீட்டினார். இன்னும் போதாதாம். மூன்றாவது தடவைதான் சரி என்றாள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டில் நாலு வருஷம் இருந்தவள் இவள்தானா? என்ன செய்யட்டும் என்று அம்மா கேட்டால், “எதுனாலும் சரி அத்தை” என்பாள். போதுமா என்றால், “போதும் அத்தை”. சாப்பாட்டில் நாட்டமே இல்லாத பொண்ணு என்று அம்மா எல்லாரிடமும் சொல்வாள், நானும் அப்படித்தான் நம்பினேன்.

மாலியக்கா என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். பிரகதி குனிந்து பப்பாளியைக் கிளறினாள். பிறகு சொன்னாள். “நம்ம ஊரு சாப்பாட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு ஒங்ககிட்டக் கேக்குறாங்க. அதுமாதிரி ஒருநா செஞ்சு குடுக்கணுமாம்.”

“மீன் கொழம்பு” என்றேன் சட்டென்று.

“அது ஒங்களுக்குப் பிடிச்சது.”

“இடியாப்பம்?”

“அது அத்தைக்கு.”

நான் யோசித்தேன். நண்டு, சுறாப்புட்டு, பொரித்த நெத்திலி என்று எல்லாம் எனக்குப் பிடித்ததாகவே நினைவுக்கு வந்தது. மாலியக்கா பதிலுக்காகக் கையைத் துடைத்தபடி நின்றார். ஆறு வருஷமாக ஒருத்தியோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், அவள் நாக்கைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

“நீயே சொல்லு” என்றேன்.

“கத்திரிக்கா போட்ட புளிக்கொழம்பு. புளி நல்லாத் தூக்கலா இருக்கணும். எங்க அறந்தாங்கி வீட்ல வாரம் ரெண்டு நாள் வைப்பாங்க. நம்ம வீட்ல மாமாவுக்கு அல்சர்னு புளி கம்மி. மாமா போயி அஞ்சு வருசம் ஆச்சு. புளி இன்னும் கம்மிதான்.”

“கேட்டிருக்கலாம்ல பிரகதி.”

“கேட்டிருக்கலாம். நீங்களும் கேட்டிருக்கலாம்” என்றாள். குரலில் கோபம் இல்லை. மாலியக்காவிடம் கையை ஆட்டி ஆட்டிப் புளிக்குழம்பை விளக்க ஆரம்பித்துவிட்டாள்.

மாலையில் கடற்கரைக்குப் போனோம். சவுக்கு மரங்களுக்கு அடியில் பாய் விரித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. பிரகதி நிமிர்ந்து உட்கார்ந்த விதத்திலேயே அவள் சண்டைக்குத் தயாராக வந்திருப்பது தெரிந்தது. நான் ஒத்திகை பார்த்த பேச்சு அப்படியே இருந்தது. அம்மாவுக்கு வயதாகிறது, நமக்குப் பிள்ளை வேண்டும், ஐஸ் பிளான்ட்டை விட்டுவிட்டு நான் இங்கே வர முடியாது. எல்லாம் உண்மைதான். ஆனால் அதில் அவளிடம் கேட்பதற்கு ஒரு கேள்விகூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஒனக்கு என்ன வேணும்?” என்றேன்.

“இதென்ன புதுசா?”

“புதுசுதான். சொல்லு.”

அவள் மணலைக் கையால் தள்ளித் தள்ளி ஒரு வரப்பு கட்டினாள். பிறகு சொன்னாள். “ரெண்டு வருசம் வேணும். இங்க ஒரு வேலைய ஆரம்பிச்சிருக்கேன், அத முடிக்காம வந்தா காலத்துக்கும் மனசு அறுக்கும். நீங்களும் வேணும். ரெண்டையும் சேத்துக் கேட்டா பேராசைன்னு சொல்லுவீங்கன்னுதான் இத்தன நாளா ஒன்னையுமே கேக்கல.”

எனக்கு வலித்தது. பொய் சொல்ல மாட்டேன், நிறையவே வலித்தது. ‘வாரேன்’ என்பாள் என்று ஒரு நப்பாசை எனக்குள் இருந்தது. இன்னும் இரண்டு வருஷம் அந்த வீட்டில் தனியாகப் படுத்து எழுவதை நினைத்தால் கண் கலங்கியது, கோபமும் வந்தது. ஆனால் அவள் பேராசை என்று சொன்ன வார்த்தைதான் அதைவிடப் பெரிதாக நின்றது. குடும்பமும் வேலையும் சேர்ந்து இருப்பது எனக்கு வெறும் வாழ்க்கை. நான் அதை யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை.

“அடுத்த தடைக்காலத்துக்கு முன்னாடி நீ ஒருவாட்டி வரணும். தடைக்காலத்துல நான் வாரேன்” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான்.

அந்த நேரத்தில் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

“டிக்கெட்டுப் போட்டாச்சா? ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே?” என்றாள் அம்மா.

“இல்லம்மா. பிரகதி இப்ப வரல.”

“வரலையா? நீ எடுத்துச் சொன்னியா இல்லையா?”

“சொல்லலம்மா. கேட்டேன்.”

அடுத்து வந்த அம்மாவின் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை.

“அவ என்ன சொன்னா?”

பதில் என் வாய் வரை வந்துவிட்டது. ஆறு வருஷமாக அவளுக்காக எல்லாப் பதிலையும் நான்தான் சொல்லிப் பழகியிருந்தேன். “நீ அவகிட்டயே கேளும்மா” என்று சொல்லிப் போனைப் பிரகதியிடம் நீட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வாங்கினாள்.

“அத்தை” என்றாள். “எனக்கு இன்னும் ரெண்டு வருசம் வேணும் அத்தை.”