கச்சேரிக் கட்டடத்தின் நடுச்சுவர்

அகல்யாவின் காலடியில் தரை அதிர்ந்தது. வகுப்பின் நடுவே இருந்த பெஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதன் கீழே தளம் குழிந்து வெடித்திருந்தது.

ஆரணி கடைத்தெருவில் இருந்த அந்தக் கட்டடம் ஜாகீர்தார் காலத்தில் அரசு அலுவலகமாக இருந்த கச்சேரி. பிறகு கோர்ட், அதன்பின் பட்டு நூல் கிடங்கு. இப்போது மேலே அகல்யாவின் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம். கீழே, கட்டட உரிமையாளர் மகாவீர், புடவைக் கடை வைப்பதற்காக நடுச்சுவரை இடித்துக்கொண்டிருந்தார்.

“சும்மா தடுப்புச் சுவருதாம்மா. எடுத்தா ஹால் பெருசாயிடும்” என்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

அகல்யா ஜன்னலில் நின்று கத்தினாள். இயந்திர இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. படிக்கட்டோ எதிர்ப்பக்கம். எல்லோரும் குறுக்கே ஓடினால் தளம் தாங்காது.

“ஓடாதீங்க! சுவத்த ஒட்டியே ஒவ்வொருத்தரா வாங்க. சத்யப்ரியா, நீ முதல்ல போய் மிஷின நிறுத்தச் சொல்லு!”

மாணவர்கள் முதுகைச் சுவரில் தேய்த்தபடி நகர்ந்தார்கள். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய எழிலரசன் மட்டும் அசையவில்லை.

“நான் கடைசியா வரேன் மேடம். வழிய அடச்சிகினு நிக்க வேணாம்.”

இரைச்சல் நின்றது. அப்போதுதான் உத்திரம் முனகுவது கேட்டது. அகல்யா எழிலரசனைத் தோளில் சாய்த்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். படிக்கட்டில் மகாவீர் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“ஏறுப்பா முதுகுல! ஜல்தி!”

அவர்கள் தெருவில் கால் வைத்ததும் உள்ளே தளம் இடிந்து விழுந்தது. வாசல் வழியே புழுதி புகையாய்ப் பாய்ந்தது. அகல்யா தலைகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். ஒருவரும் குறையவில்லை. கீழே வேலை செய்த ஆட்களும் வெளியே நின்றார்கள்.

மகாவீர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “அந்தச் சுவரு பாரம் தாங்கிகினு இருக்குதுன்னு தெரியலம்மா.”

“தெரியலன்னா இன்ஜினீயரக் கேட்டிருக்கணும் சார். மேல இத்தன பேர வச்சிகினு இடிச்சீங்களே!”

மகாவீர் எழுந்து வந்து, “எங்க வீட்டு மாடி காலியா இருக்குது. வகுப்ப அங்க வச்சிக்கோங்க” என்றார்.

அகல்யா முடியாது என்று தலையாட்டினாள்.

“பரீட்சை வந்துடுச்சு மேடம்” என்றான் எழிலரசன் மெதுவாக.

மறுநாள் வகுப்பு அந்த மாடியில்தான் நடந்தது. எதிரில் வந்த மகாவீரிடம் அகல்யா அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பல நாள் பேசவில்லை.