இறங்காத நிறுத்தங்கள்

பிலடெல்பியாவில் பதினாறு வருஷமாக டவுன் பஸ் ஓட்டும் டெஸ்மண்ட் விட்லோ, "சுதந்திர மண்டபம் இறங்குங்க", "மியூசியம் இறங்குங்க" என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறானே தவிர, அந்த இடங்களுக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. உள்ளூர்க்காரனுக்கு என்ன அவசரம், அதெல்லாம் எங்கே ஓடிவிடப் போகிறது என்ற மிதப்பு. இந்தச் சனிக்கிழமை என்னடாவென்றால், பதினொரு வயது மகள் காமிலை இழுத்துக்கொண்டு அத்தனையையும் ஒரே மூச்சில் பார்த்துவிடக் கிளம்பியிருந்தான். சட்டைப் பையில் பட்டியல் வேறு.

முன்னாள் மனைவி ரோண்டாவுக்கு, நாட்டின் மறுகோடியில் இருக்கும் அரிசோனாவில் வேலை கிடைத்துவிட்டது. மகளையும் கூட்டிப்போகத் தகப்பன் சம்மதம் வேண்டும். "நான் விடவே மாட்டேன், கண்ணு" என்று காமிலிடம் சத்தியம் செய்தவன், மூன்று வாரத்துக்கு முன் சத்தமில்லாமல் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். இன்றைக்கு மாலை ஆறு மணிக்கு மகளைத் தாயிடம் கொண்டுபோய் விடுவதற்குள் அதை அவனே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தான் சொல்லிவிடுவதாக ரோண்டா கெடு வைத்திருந்தாள்.

வெடிப்பு விழுந்த சுதந்திர மணியைப் பார்க்க முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றார்கள். காமில் குனிந்து வெடிப்பைப் பார்க்க ஆரம்பித்ததுமே டெஸ்மண்ட் அவள் தோளைத் தட்டினான்.

"பாத்தாச்சா? வா வா."

"இப்பதானேப்பா வந்தோம்!"

"மணி எங்கயும் போகாது. வா."

எதிரே இருந்த சுதந்திர மண்டபத்தின் வாசலில் தொப்பி போட்ட பெண் காவலர் கையை நீட்டி மறித்தார்.

"இன்னிக்கு டிக்கெட் காலையிலயே முடிஞ்சிடுச்சு சார்."

"டிக்கெட்டா? தினமும் இங்க நூறு பேரை இறக்கி விடறவன்மா நான்!"

"ஒரு தடவையாவது நீங்களும் இறங்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

காமில் சிரித்தாள். பிறகு செங்கல் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி, "இதுக்குள்ளதானே எல்லாரும் சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்டாங்க? பின்வாங்க முடியாதுன்னு தெரிஞ்சே போட்டாங்களாம். டீச்சர் சொன்னாங்க" என்றாள்.

டெஸ்மண்ட் சட்டென்று தெருப்பக்கம் திரும்பினான். "பஸ் வருது, ஓடு" என்றான்.

பஸ்ஸை ஓட்டி வந்தவன், டெஸ்மண்டோடு வேலை பார்க்கும் ஓர்ட்டிஸ். "லீவு நாள்லயும் பஸ்ஸா? வீட்ல கட்டில் இல்லையா உனக்கு?"

"ரெண்டு நிமிஷம் லேட்டா ஓட்டறே."

"இன்னிக்கு வண்டி என்னுது. பேசாம பின்னால போய் உக்காரு."

டெஸ்மண்டால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தையே பார்த்தபடி வந்தான்.

கலை மியூசியத்தில் அறைக்கு ரெண்டு நிமிஷம் என்று மகளை ஓட்டினான். கவசங்கள், பூ ஓவியங்கள், தங்கச் சட்டங்கள் எல்லாம் ஜன்னலோரக் காட்சி போலக் கடந்து போயின. ஒரு திருப்பத்தில், மதுரையிலிருந்து வந்த கல் மண்டபத்துக்குள் நுழைந்ததும், காமில் நின்றுவிட்டாள். தூணுக்குத் தூண் ஓர் உருவம். அங்கிருந்த குறிப்பைப் படித்துவிட்டு, தரையிலேயே சப்பென்று உட்கார்ந்தாள்.

"இந்தியாவுல ஒரு ஊராம்பா. கோயில்ல குவிஞ்சு கிடந்த தூணை ஒரு அம்மா வாங்கி, கப்பல்ல இங்க அனுப்பிட்டாங்களாம்."

"சரி, படிச்சாச்சுல்ல? கிளம்பு."

"அந்த ஊர்ல யாருமே வேண்டாம்னு சொல்லலையா?"

டெஸ்மண்ட் தூண்களைப் பார்த்தான். "யாராவது சரின்னு சொல்லியிருப்பாங்க."

"ஏன் சொன்னாங்க?"

காலையிலிருந்து முதல் தடவையாக அவன் உட்கார்ந்தான். கல் போலக் கனத்தது உடம்பு.

"காமில், நான் கையெழுத்துப் போட்டுட்டேன்மா."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"எப்போ?"

"மூணு வாரமாச்சு."

"அப்ப போன சனிக்கிழமைகூட விட மாட்டேன்னு சொன்னது?"

"பொய்." வெட்கம் பிடுங்கித் தின்றது. "கேஸ்னு போனா, ஒரு வருஷம் உன்னை நடுவுல நிக்கவெச்சு ஆளுக்கொரு பக்கம் இழுப்போம். அதை என்னால பாக்க முடியாது. ஆனா உன்கிட்ட சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தான். அழுதால் தேவலை என்றுகூட இருந்தது. அவளோ எழுந்து, பின்பக்கத் தூசியைத் தட்டி, அவன் சட்டைப் பையிலிருந்த பட்டியலை உருவிப் பார்த்தாள்.

"அடுத்தது பழைய ஜெயில்தானே?"

"இரும்மா. கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்திருக்கலாம். இன்னும் நீ சரியாப் பாக்கவே இல்லையே."

"பாத்தாச்சு." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். "தூண் எங்கயும் போகாதுப்பா. வா வா."