அன்றைக்கு மேகம்

புத்தூருக்கு வெளியே ஒரு இஞ்சினியரிங் காலேஜில், பஸ்கள் நிற்கும் ஷெட்டுக்குப் பின்னால், அந்தப் பழைய கான்பரா விமானம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பையன்கள் பார்த்துப் படிக்கட்டும் என்று வாங்கி வைத்தார்களாம். இப்போது இறக்கைக்கு அடியில் நாய் குட்டி போட்டிருந்தது.

சித்தூரிலிருந்து கிருபானந்தம் பஸ்ஸில் வந்தார், திருப்பதியிலிருந்து புருஷோத்தமன் சார் காரில். சார் விமானப்படையில் நேவிகேட்டர். விமானத்தின் மூக்கில் குப்புறப் படுத்து வழி பார்த்து, எதிரி நிலத்தைப் படம் எடுத்து வந்த அதிகாரி. கிருபானந்தம் அந்த விமானங்களுக்குக் கேமரா பொருத்தியவர். சார் மகளோடு இருக்க கனடா போகிறார், இனி திரும்பும் வயசில்லை. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் வா என்று அவர்தான் போன் செய்தார்.

கிருபானந்தம் வந்தது விமானத்துக்காக இல்லை. ஒரே ஒரு கேள்விக்காக.

எழுபத்தொன்றாம் வருஷப் பாகிஸ்தான் போரில் அவர் அண்ணன் டைட்டஸ் காலாட்படையில் இருந்தான். கிழக்கே ஒரு ஆற்றைக் கடக்கும்போது அக்கரையில் இருந்த பீரங்கிகள் அவன் கம்பெனியையே முடித்துவிட்டன. அங்கே பீரங்கி இருந்தது யாருக்கும் தெரியாது என்றுதான் வீட்டுக்குச் சொன்னார்கள். அம்மா அதை நம்பியே கண்ணை மூடினாள். பல வருஷம் கழித்து, பழைய ஆட்கள் கூடிய ஒரு விருந்தில் சார் பேச்சுவாக்கில் அந்த ஆற்றின் பெயரைச் சொன்னார். அண்ணன் செத்ததற்கு முந்தின நாள் அதன் மேலே பறந்தாராம். அந்த விமானத்துக்குக் கேமரா மாட்டியவரே கிருபானந்தம்தான்.

அப்போதும் அவர் கேட்கவில்லை. கீழே இருப்பவன் கேட்கக் கூடாது, மேலே போனவன் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வேலை பார்த்த பிரிவின் கட்டு. ஃபிலிம் சீல் வைத்த பெட்டியில் போய்விடும். பேரன் எடுத்த பிறகும் அந்தக் கட்டு அவர் நாக்கில் கிடந்தது.

வாட்ச்மேன் துலுக்காணம் தார்ப்பாயை விலக்கினார். விமானத்தின் வயிற்றில் கேமராவுக்கான கண்ணாடி மேல் ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. கிருபானந்தத்தின் கை தானாகக் கைக்குட்டையை எடுத்துத் தேய்த்தது.

“இன்னா பெரியவரே, பூஜ போட்டத தொடச்சிக்கினு கீறீங்க?”

“கண்ணாடில வெரலு பட்டாலே அன்னிக்கி எங்களுக்கு பனிஷ்மென்ட்டுப்பா.”

“இப்ப யார் வூட்ட படம் புடிக்கப் போவுது இது?” துலுக்காணம் சிரித்துக்கொண்டே டீ வாங்கப் போனார்.

சார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நிறையப் பேசினார். உயரத்தில் கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்ததை, பைலட் குளிரில் நடுங்கிக்கொண்டே தெலுங்குப் பத்யப் பாட்டு பாடியதை. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது கிருபானந்தம் கேட்டுவிட்டார்.

“சார், அந்த ஆத்து மேல போனீங்களே. அடுத்த நாளு எங்க அண்ணன் அங்கதான் செத்தான். படத்துல அந்த பீரங்கிங்க தெரிஞ்சுதா சார்?”

சார் விமானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அன்னிக்கி மேகம், கிருபா. ஆறே தெரியல. வெறுங்கையாத்தான் திரும்புனோம்.”

அன்று கேமராவைக் கழற்றியதும் கிருபானந்தம்தான். மேகம் என்றால் கேமராவை ஓட்டவே மாட்டார்கள். ஆனால் அன்று ஃபிலிம் கடைசி வரை ஓடியிருந்தது, எவ்வளவு ஓடியது என்று காட்டும் முள்ளை அவரே பார்த்தார். கழற்றியது யாரென்று சாருக்கு மறந்திருக்க வேண்டும். படத்தில் ஒன்றும் இல்லை என்றால் அதையே சொல்லியிருப்பார். மேகம் என்ற பொய் தேவைப்பட்டிருக்காது.

ஆக, பீரங்கி இருப்பது தெரிந்துதான் அண்ணனை அனுப்பியிருக்கிறார்கள்.

சார் அந்தக் கேமராக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் இவரும் அந்த ஆற்றங்கரையைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

“ஆமா சார்,” என்றார் கிருபானந்தம். “மேகந்தான். எனக்கும் இப்பத்தான் நாபகம் வருது.”

சார் தலையாட்டினார். முகம் பார்க்கவில்லை. கிருபானந்தம் கை கொடுத்து எழுப்பி, மெதுவாகக் காருக்கு நடத்திப்போய் உட்கார வைத்தார். போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொன்னார்.

கார் கேட்டைத் தாண்டிய பிறகுதான் அண்ணன் பெயரைச் சொல்லி அழுதார். டீயோடு வந்த துலுக்காணம், டம்ளர்களை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.